இளவட்டக்கல்லும் சுமைதாங்கிக்கல்லும்

பளு தூக்கி முடித்த சில நிமிடங்களில் உடலுக்குள் ஒரு மிதப்பு எழுகிறது. மூச்சு சீரடைகிறது, தோளும் தொடையும் சூடேறி இறுகியிருக்கின்றன, மனம் மட்டும் எடை இழந்ததுபோல் லேசாகிவிடுகிறது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என மாவட்டத்தின் எந்த ஊரில் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்லும் இளைஞரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தை ஏதேனும் ஒரு சொல்லால் சொல்லிவிடுவார். ‘கிக்’ என்பார் ஒருவர். ‘போதை’ என்பார் இன்னொருவர். தனிமனிதரின் உடலின்பம் பற்றி நாளிதழின் கருத்துப் பக்கத்தில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தப் பரவசம் யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது, அதன் பெயரால் சந்தையில் எது விற்கப்படுகிறது ஆகிய மூன்றும் பொது விவாதத்துக்கு உரியவை என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் இருவகைக் கற்களைக் காணலாம். ஒன்று இளவட்டக்கல். தென்மாவட்ட ஊர்களில் கோயில் முகப்பிலோ மந்தையிலோ கிடக்கும் வழவழப்பான உருண்டைக் கல் அது. பிடிமானம் ஏதும் இல்லாததே அதன் சிறப்பு. குந்தி அமர்ந்து இரு கைகளாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உயர்த்தி, தோள்மீது புரட்டிப் பின்புறம் எறிய வேண்டும். கல்யாணக்கல் என்ற பெயரும் அதற்கு உண்டு. தூக்கிக் காட்டியவருக்கே பெண் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றொன்று சுமைதாங்கிக்கல். சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது மரபு. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால், வழிப்போக்கர் தம் சுமையை இறக்க ஓர் இடம்.

இரண்டுமே எடை பற்றிய கற்கள்தாம். ஆனால், ஒன்று தூக்குவதன் பெருமைக்கு நட்டது. மற்றொன்று சுமப்பதன் களைப்புக்கு நட்டது. ஒன்றைச் சுற்றி ஊர் கூடிக் கைதட்டும். மற்றொன்றின் அருகே யாரும் நிற்பதில்லை. எடை தூக்குவதில் கிடைக்கும் பரவசத்தைப் பற்றிய இன்றைய அறிவியலும் ஏறக்குறைய இந்த இரு கற்களுக்கு இடையில்தான் நிற்கிறது.

ஆனந்தம் எனும் மூலக்கூறு

உடற்பயிற்சியால் எழும் பரவசத்தை முதலில் கவனித்தவர்கள் ஓட்டக்காரர்கள். 1970-களில் எண்டார்ஃபின் எனும் உள்சுரப்பு வலிநீக்கிகள் கண்டறியப்பட்டபோது, ஓட்டக்காரரின் மிதப்புக்குக் காரணம் அவையே என்ற கருத்து உலகெங்கும் பரவியது. இன்றும் உடற்பயிற்சிக்கூடச் சுவர்களில் எண்டார்ஃபின் என்ற சொல்லைப் பார்க்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் மிகும் எண்டார்ஃபின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பை எளிதில் கடப்பதில்லை. 2021-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 63 பேரை 45 நிமிடம் ஓடச் செய்தனர். எண்டார்ஃபின் போன்றவற்றின் செயலைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்திருந்தனர். அவர்களுக்கும் பரவசம் குறையாமல் வந்தது. ஆகவே, முதன்மைக் காரணம் வேறு எதுவோ என்றாகிறது. உடலே சுரக்கும் எண்டோகன்னபினாய்டுகள் எனும் பொருள்களின் மீது இப்போது கவனம் குவிந்திருக்கிறது. இவை மூளைக்குள் எளிதில் புகக்கூடியவை. கஞ்சாவின் வேதிப்பொருள் சென்று ஒட்டும் அதே ஏற்பிகளில் ஒட்டுபவை.

இவற்றுள் முதலில் அடையாளம் காணப்பட்டது 1992-இல், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெச்சூலத்தின் ஆய்வகத்தில். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘அனந்தமைடு’. வடமொழியின் ‘ஆனந்த’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். மேலைநாட்டு ஆய்வகம் ஒன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரை மூலக்கூறுக்கு வைத்திருக்கிறது என்பது உடற்பயிற்சிக்கூடம் செல்லும் எத்தனை ‘ஆனந்த்’களுக்குத் தெரியுமோ!

பளு தூக்குவோரின் பரவசம் இதே வழியில்தான் வருகிறதா? ஓட்டத்தோடு ஒப்பிட்டால் பளு பற்றிய ஆய்வுகள் குறைவு. இருப்பினும் சில செய்திகள் தெளிவாக இருக்கின்றன. 1990-களில் அமெரிக்காவில் வில்லியம் கிரேமர் குழுவினர் செய்த ஆய்வுகள், பளுவின் அளவைவிடப் பயிற்சியின் அமைப்பே முக்கியம் எனக் காட்டின. மிகக் கனத்த எடையைச் சில முறை மட்டும் தூக்கி, நீண்ட ஓய்வு எடுத்தால் ரத்தத்தில் எண்டார்ஃபின் பெரிதாக மாறுவதில்லை. நடுத்தர எடையைப் பத்து முறை வரை தூக்கி, ஒரு நிமிட ஓய்வில் அடுத்த சுற்றைத் தொடங்கினால் அது உயர்கிறது. தசை எரிவதுபோல் உணரவைக்கும் லாக்டேட்டும் உடன் உயர்கிறது. இதனோடு, உழைத்த தசைக்குள் ரத்தம் பாய்ந்து அது புடைக்கும் ‘பம்ப்’ எனும் உணர்வும் சேர்கிறது. 1977-இல் வெளிவந்த ‘பம்ப்பிங் அயர்ன்’ ஆவணப்படத்தில் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் இந்த உணர்வைத் தாம்பத்திய இன்பத்தோடு ஒப்பிட்டுப் பேசியதை உடற்கட்டு ஆர்வலர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மிதப்பெல்லாம் நல்ல மிதப்பு ஆகிவிடாது. மூச்சை அடக்கிக்கொண்டு கனத்த எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் எகிறுகிறது. 1985-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், தேர்ந்த உடற்கட்டு வீரர்கள் இரு கால்களாலும் எடையைத் தள்ளியபோது சராசரி ரத்த அழுத்தம் 320/250 வரை சென்றது பதிவானது. எடையை இறக்கி மூச்சை விட்டதும் அது சட்டென விழும்; தலை சுற்றும்; கண் இருளும். அனுபவமற்ற இளைஞர்கள் சிலர் இதையும் ‘கிக்’ என்றே எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது மூளைக்குச் செல்லும் ரத்தம் நொடிப்பொழுது குறைவதன் அறிகுறி. இரண்டையும் பிரித்துச் சொல்லித் தருவது பயிற்சியாளரின் முதற்கடமை. அப்படிப்பட்ட பயிற்சியாளர்கள் நம் சிற்றூர்களில் எத்தனை பேர் என்ற கேள்வி தனியே நிற்கிறது.

நொடிப்பொழுதின் மிதப்பைவிட நீடித்த மனநலனுக்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. பளுப் பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறதா என ஆராய்ந்த 33 சோதனைகளைத் தொகுத்து, 1,877 பேரின் தரவுகளோடு 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. குறைக்கிறது என்பதே அதன் முடிவு. வியப்பூட்டும் செய்தி இன்னொன்றும் அதில் இருந்தது: உடல் வலிமை குறிப்பிடத்தக்க அளவு கூடாதவர்களுக்கும் மனச்சோர்வு குறைந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2024-இல் வெளியிட்ட, 218 சோதனைகளைத் தொகுத்த ஆய்வும் நடை, மென்னோட்டம், யோகம் ஆகியவற்றோடு பளுப் பயிற்சியையும் மனச்சோர்வுக்குப் பயனளிப்பவற்றின் வரிசையில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தோர் அனைவரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. இந்தப் பரிந்துரை நம்மிடையே ஏனோ பேசப்படுவதே இல்லை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டது, நல்ல முயற்சி. எடை தூக்குவதற்கு அப்படியொரு பொது அழைப்பு இன்னும் வரவில்லை.

சும்மாடும் இரும்பும்

எடை தூக்கினால் பரவசம் வருமென்றால், இந்த மாவட்டத்தில் மிகப் பரவசமானவர்களாகச் சித்தாள்கள் இருக்க வேண்டும். தலையில் சும்மாடு கூட்டி, சல்லியும் மணலும் நிரம்பிய சட்டியை ஏற்றிக்கொண்டு, ஒரு நாளில் எத்தனை முறை சாரத்தில் ஏறி இறங்குகிறார்கள்! கல் குவாரியில் சக்கை சுமப்பவரும், நாற்றுக்கட்டு சுமப்பவரும், நூறு நாள் வேலையில் மண் சுமப்பவரும், குடிநீருக்காகக் குடத்தை இடுப்பில் இடுக்கி நடப்பவரும் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் வேலை முடிந்தபின் மிதப்பாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வருமென்று எல்லோருக்கும் தெரியும்.

இதை ஆய்வாளர்கள் உடலுழைப்பின் முரண் என்கின்றனர். டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்றோர் பல ஆண்டுகளாக இது குறித்து எழுதிவருகின்றனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் ஆயுளைக் கூட்டுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு அந்தப் பயனைத் தருவதில்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 1,94,000 பேரின் தரவுகளோடு 2018-இல் வெளியான ஆய்வில், கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்த நாடுகளில் நடந்தவை என்பதால், தலைச்சுமைத் தொழிலாளியான இந்தியப் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்கவும் முடியாது.

காரணங்கள் எளியவை. உடற்பயிற்சிக்கூடத்தில் ஒருவர் ஒரு டம்பெல்லைப் பத்து முறை தூக்கி இறக்குகிறார், உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார். அடுத்த வாரம் இரண்டரைக் கிலோ கூட்டுகிறார், முடியவில்லையென்றால் குறைத்துக்கொள்கிறார். மறுநாள் வேறு தசைக்கு வேலை. வீட்டில் முட்டையும் சுண்டலும் காத்திருக்கின்றன. எட்டு மணி நேரம் உறங்குகிறார். சித்தாளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எடையை முடிவு செய்பவர் மேஸ்திரி. எண்ணிக்கையை முடிவு செய்வது கான்கிரீட் கலவை இயந்திரம். ஒரே கழுத்து, ஒரே இடுப்பு, நாளெல்லாம். வீடு திரும்பியதும் அடுப்படி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தத்தில் இரும்பு இல்லாதவர்கள் தலையில் இரும்புச் சட்டியைச் சுமக்கிறார்கள்.

ஆகவே, பரவசத்தைத் தருவது எடை மட்டும் என்று சொல்ல முடியாது. விருப்பம், எண்ணிக்கை, ஓய்வு, முன்னேற்றம், உணவு, உறக்கம் ஆகியவை சூழ்ந்த எடையே அதைத் தருகிறது. இவற்றில் ஒவ்வொன்றும் பணமும் நேரமும் உள்ளவருக்கே எளிதில் கிடைக்கும் பண்டம். சுமையின் அளவுக்கு வரம்பு கட்டுவது பற்றி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தன் 34-ஆம் பிரிவில் பேசியது. அது தொழிற்சாலைச் சுவருக்குள் இருந்தவர்களுக்கானது. வயலுக்கும் கட்டுமான இடத்துக்கும் அந்தச் சுவர் நீளவில்லை. 1967-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வயதுவந்த ஆண் ஒருவர் கையாளும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் சிமென்ட் மூட்டையின் எடை 50 கிலோ.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான கணக்கீட்டின்படி, இந்தியாவில் 2022-இல் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்களில் 57 விழுக்காட்டினர், ஆண்களில் 42 விழுக்காட்டினர். வேலை, வீட்டுப்பணி, பயணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆக, ஒரே நாட்டில் ஒரு பகுதியினர் சுமந்து தேய்கின்றனர். இன்னொரு பகுதியினர் அசையாமல் தேய்கின்றனர். ஒரே குடும்பத்தில்கூட இதைக் காணலாம். தாய் சித்தாள்; மகள் கல்லூரி முடித்துக் கணினி முன் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கிறாள். தாயின் தலையிலிருந்து சுமையை இறக்க வேண்டும்; மகளின் கையில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு கொள்கைகள்.

மீராபாய் சானு சிறுவயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டைத் தூக்கி நடந்த கதையை, 2021-இல் அவர் டோக்கியோவில் வெள்ளி வென்றபோது நாடே சொல்லி மகிழ்ந்தது. அந்தக் கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மணிப்பூரின் மலைப்புறங்களில் விறகு சுமந்த சிறுமிகள் எத்தனையோ பேர். அவரை வீராங்கனையாக்கியது விறகுக்கட்டு ஆகாது. அதன்பின் அவர் கைக்குக் கிடைத்த இரும்புத்தண்டும், அதன் அருகில் நின்ற பயிற்சியாளரும்தான்.

மிதிவண்டி கற்ற மாவட்டம்

புதுக்கோட்டைக்கு இந்த வேறுபாட்டைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1991-இல் இங்கு அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். விவசாயக் கூலிகள், கல் குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் கற்றனர். பெண்களுக்கான மிதிவண்டி கிடைக்காமல் ஆண்களுக்கான வண்டியில் ஏறினர். 1992 மகளிர் நாளில் புதுக்கோட்டைச் சாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்தனர். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பதிவு செய்தார். அவர் கட்டுரை பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அந்த இயக்கம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பயன்களைச் சொல்வார்கள்: பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லலாம், தண்ணீர் எடுக்கலாம். அவை உண்மை. ஆயினும், இறக்கமான சாலையில் கால்களை எடுத்துவிட்டுக் காற்று முகத்தில் அறைய விரைவதன் களிப்பு இல்லாமல் அத்தனை பேர் திரண்டிருப்பார்களா? பொருளாதார நலன் என்ற சொல் அரசுக் கோப்பில் எளிதாக ஏறுகிறது. களிப்பு என்ற சொல்லுக்கு அங்கே பத்தி இல்லை. வீதியில் எழுந்த கேலியையும் இழிசொல்லையும் மீறி அப்பெண்களை மறுநாளும் வண்டியில் ஏற்றியது தங்கள் உடல் தங்கள் சொல் கேட்கிறது என்ற உணர்வுதான் என்று நினைக்கிறேன். பளு தூக்குவோர் தேடுவதும் அதையே.

அதே மாவட்டத்தின் நெம்மேலிப்பட்டி எனும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அனுராதா பவுன்ராஜ். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர். 2019 ஜூலையில் சமோவா தீவின் ஆப்பியா நகரில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப் போட்டியில் 87 கிலோ பிரிவில் அவர் தங்கம் வென்றார். ஸ்நாட்ச் முறையில் 100 கிலோ, க்ளீன் அண்ட் ஜெர்க் முறையில் 121 கிலோ, மொத்தம் 221 கிலோ. ஏறக்குறைய நான்கரைச் சிமென்ட் மூட்டை எனக் கணக்கிட்டுப் பார்த்தால் நம் ஊர் வாசகருக்கு அந்த எடை விளங்கும்.

அவர் வென்றபோது மாவட்டம் கொண்டாடியது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டுகோஸ்டிலும் காமன்வெல்த் விளையாட்டுத் தங்கங்களை வென்றபோதும் மாநிலம் அப்படியே கொண்டாடியது. 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கும் இந்நேரத்தில் பதக்கப் பேச்சு இன்னும் கூடும். பதக்கம் வாங்குபவருக்கு அரசு வேலையும் பரிசுத்தொகையும் தருவதில் தமிழ்நாடு தாராளமானது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், பதக்கத்துக்கு அப்பால் எடை தூக்குவதை ஒரு பெண்ணின் அன்றாட உரிமையாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. நெம்மேலிப்பட்டியில் இருந்து ஒருவர் சமோவா வரை செல்ல முடிந்தது. நெம்மேலிப்பட்டியிலேயே இருந்துகொண்டு, போட்டி எதிலும் கலந்துகொள்ள எண்ணாத நாற்பது வயதுப் பெண் ஒருவர், மாலையில் அரைமணி நேரம் எடை தூக்க எங்கே போவது?

தென்கோடியில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் கல்லைத் தூக்குகின்றனர். மாப்பிள்ளையைச் சோதிக்க வைத்த கல்லைப் பெண்ணே தூக்கி எறிகிறாள். ஊரும் கைதட்டுகிறது.

ஊசியில் வரும் மிதப்பு

பரவசத்துக்குச் சந்தை உண்டு என்பதால் போலியும் உண்டு. நாட்டின் பல பகுதிகளில் உடற்பயிற்சிக்கூடங்களைச் சுற்றிப் புழங்கும் மெஃபென்டர்மின் எனும் ஊசிமருந்து அதற்கோர் எடுத்துக்காட்டு. அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்தால் தாழ்ந்துபோகும் ரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்கு மருத்துவமனைக்குள் பயன்படும் மருந்து அது. களைப்பு தெரியாமல் எடை தூக்கவும், தூக்கும்போது ஒரு வெறி ஏறவும் இளைஞர்கள் அதை நரம்பில் ஏற்றிக்கொள்கின்றனர். நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை, அடிமைத்தனம், சிலரிடம் மனப்பிறழ்வு வரை செல்வதை இந்திய மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அனபாலிக் ஸ்டீராய்டுகளின் கதை இன்னும் பழையது. அவை தசையை விரைவாக வளர்க்கும். உடலின் சொந்தச் சுரப்பை நிறுத்தும். ஊசியை நிறுத்தியதும் ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளும். மனச்சோர்வுக்கு மருந்தாகக்கூடிய ஒரு பயிற்சி, மனச்சோர்வுக்கே வாசலாகிவிடுகிறது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள்கள் இருந்தன. 3.8 விழுக்காடு, ஐயாயிரத்துக்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிகம். அது போட்டி வீரர்களின் கணக்கு. எந்தப் போட்டிக்கும் போகாமல் திருவிழாப் பதாகையில் கையை மடக்கி நிற்பதற்காக மட்டும் உடலைக் கட்டும் இளைஞரை யாரும் சோதிப்பதில்லை.

2021-இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி ஏற்பட்டு மறைந்தபோது, பளு தூக்குவதே ஆபத்து என்ற அச்சம் பரவியது. பல பெற்றோர்கள் பிள்ளைகளைத் தடுத்தனர். அது தவறான பாடம். இதயநோய் அறிகுறி இருப்பவர் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும், எடையைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும் என்பதும், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதும் பரவியிருக்க வேண்டிய பாடங்கள். அச்சுறுத்தி விலக்கினால், ஆசையுள்ளவர்கள் மறைவாகச் செல்வார்கள். மறைவான இடத்தில்தான் ஊசி விற்கிறது.

ஜல்லிக்கட்டில் இந்த மாவட்டம் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறது. ஆண்டுதோறும் முதல் வாடிவாசல் திறக்கும் தச்சங்குறிச்சியில் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, தகுதியற்றவர்கள் களத்தில் இறங்க முடியாது, ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. ஆபத்தான ஒரு களிப்பை, அதன் களிப்பைக் கெடுக்காமலே ஒழுங்குக்குள் கொண்டுவர நமக்குத் தெரியும். அதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பான பளுப் பயிற்சிக்கு அந்த அக்கறையில் கால்பங்கு போதும்.

கூடத்தின் சாவி

கட்டடமும் கருவியும் நமக்குப் புதியவை அல்ல. ஊரகப் பகுதிகளுக்கு அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக்கூடம் என்ற திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தின்கீழ் மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைக் கருவிகள் கொண்ட தொகுப்புகள் வழங்கப்பட்டன. ஆட்சிகள் மாறின; கருவி வாங்குவதில் இரு கட்சிகளுக்கும் வேறுபாடில்லை. வாங்கியபின் அந்த அறையை யார் திறப்பது என்பதில்தான் இரு திட்டங்களும் ஒரே இடத்தில் தடுக்கி விழக்கூடும்.

கிராமத்தில் ஓர் அறை மாலையில் திறந்திருந்தால் அங்கே யார் இருப்பார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. இருபது வயது ஆண்கள் பத்துப் பேர். கைப்பேசியில் உரத்த பாட்டு. அந்த வாசலை ஒரு பெண் மிதிக்க மாட்டார். ஐம்பது வயது ஆணும் கூச்சப்படுவார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் சேர்ந்தபோது எழுந்த எதிர்ப்பும், 1991-இல் மிதிவண்டிப் பெண்களைத் துரத்திய கேலியும் வேறு வடிவில் அந்த வாசலில் நிற்கும்.

அறிவொளி இயக்கம் இதற்கு ஒரு வழி காட்டியது. மிதிவண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளவில்லை. கற்றுத்தரும் பெண்களை ஊர் ஊராக உருவாக்கியது. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தந்தார். மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பெண்ணுக்கு எடைப் பயிற்சியின் அடிப்படைகளை மாவட்ட விளையாட்டு அலுவலகம் கற்றுத்தரலாம்: முதுகை வளைக்காமல் குந்தி எழுவது, எடையைத் தரையிலிருந்து எடுப்பது, தூக்கும்போது மூச்சை வெளிவிடுவது, ஓய்வை எண்ணுவது. சுமை தூக்கும் தொழிலில் இருப்பவருக்கும் இந்த முதற்பாடம் இடுப்பைக் காக்கும். மாலை நான்கரை முதல் ஆறு வரை அறை பெண்களுக்கு மட்டும் என்று ஊராட்சியில் தீர்மானம் போடலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர் ரத்த அழுத்தத்தைக் குறிக்கும்போதே, பயிற்சி தொடங்கலாமா என்பதையும் குறித்துவிடலாம்.

இதற்கெல்லாம் புதிய கட்டடம் தேவையில்லை. அறையைத் திறந்து பொறுப்பாக நிற்கும் பெண்ணுக்கு மாத ஊதியம் தேவை. இரு திட்டங்களின் பெயரும் தலைவர்களிடமிருந்து வந்தவை. பயிற்றுநரின் ஊதியம் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பதை மட்டும் நிதித்துறை முடிவு செய்ய வேண்டும்.